கட்டளைவரி உரைத்தொகுப்பிகளும் தமிழெழுத்தும்: ஒரு விமர்சன நோக்கு

யுனிக்ஸ் வழிவந்த இயங்குதளங்களிற் பயில்வோரிடையே தீராத வழக்கொன்று உண்டு. கட்டளைவரியில் இருந்தபடியே எழுதவும் திருத்தவும் எந்த உரைத்தொகுப்பியைத் தெரிந்துகொள்வது என்பதே அவ்வழக்கு. எடிற்றர் எனப் பேச்சில் வழங்கும் இக்கருவிகளுள் வீஐ ஒருபாலாகவும் ஈமாக்ஸ் மறுபாலாகவும் நின்று நிகழ்த்தப்பட்ட வாதங்கள் பாதி வேடிக்கையாகவும் பாதி உண்மைச் சினத்தோடும் அரை நூற்றாண்டை அண்மித்துவிட்டன. விரைவு, நினைவகச் சிக்கனம், கற்கும் எளிமை, விரிவாக்கும் வசதி ஆகியன அவ்வாதங்களிற் பேசப்படும் அளவுகோல்கள். இவற்றை மறுப்பதற்கில்லை. எனினும் இரு பாலாரும் பேசாமலே ஏற்றுக்கொண்ட முற்கோள் ஒன்றுண்டு: ஓரெழுத்து என்பது ஒரு விசை; ஒரு விசை என்பது திரையில் ஒரு கட்டம். இம்முற்கோள் ஆங்கிலத்துக்குப் பொருந்தும். தமிழுக்குப் பொருந்தாது. ஆதலால், ஈடி, வீஐ (இன்று விம்), ஈமாக்ஸ், நானோ என்னும் நான்கு தொகுப்பிகளையும் தமிழெழுத்து என்னும் ஓர் அளவுகோலை மட்டும் கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் முயற்சியாகும். கலைப்பீட மாணவனுக்கு இதில் என்ன வேலை என வினவுவோருக்கு விடையாக, இவ்வாய்வுக்குக் காரணமாயிருந்த கோப்பைப் பற்றி முதற்கண் கூறவேண்டியுள்ளது.

திருகோணமலை நகருக்கு வடக்கே, புல்மோட்டைக்குச் செல்லும் கரையோர வீதியில் அமைந்துள்ள ஊர் குச்சவெளி. 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின்வந்த ஆண்டுகளில், அவ்வூரிற் பணியாற்றிய அமைப்பொன்று கரைவலைத் தொழிலாளரிடம் கேட்டறிந்து ஒரு சொற்கோவையைத் தொகுத்திருந்தது. காற்றின் பெயர்கள், நீரோட்டத்தின் பெயர்கள், வலையின் உறுப்புகள், மீன்வகைகள் என அது விரிந்தது. சொன்னவர்களிற் பலர் இன்றில்லை. அக்கோவையின் அச்சுப்படி எவரிடமும் இல்லை; வட்டொன்றில் எஞ்சியிருந்த வெற்றுரைக் கோப்பு மட்டுமே என் கைக்கு எட்டியது. அதனைத் திறந்தபோது தமிழ் ஒரு வரிகூட இல்லை. 'குச்சவெளி' என்று இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கிலப் பேரெழுத்து எஃப், சிற்றெழுத்து ஆர், அரைப்புள்ளி, மீண்டும் ஆர், பின்னர் என், ரி, எஸ், பி என எட்டுக் குறிகள் அணிவகுத்து நின்றன. ஈழத்திலும் புலம்பெயர் நாடுகளிலும் நெடுங்காலம் வழக்கிலிருந்த பாமினி எழுத்துருவிற் தட்டச்சுச் செய்யப்பட்ட கோப்பு அது. அவ்வெழுத்துரு ஆங்கில எழுத்துகளின் இடங்களிலேயே தமிழ் வடிவங்களை வரைந்து வைத்திருந்தது. எழுத்துரு நீங்கியதும் வடிவமும் நீங்கிற்று.

குச்சவெளிக் கடலோரப் பாறையில் வடமொழிக் கல்வெட்டொன்று உண்டு. சேனரத் பரணவிதான அதனை வாசித்து எப்பிகிராஃபியா செய்லனிக்காவில் வெளியிட்டார். ஓராயிரம் ஆண்டுகளுக்கு மேலாக உப்புக்காற்றிற் கிடந்த கல்லை வாசிக்க முடிந்த இடத்தில், இருபதாண்டு வயதுகூட நிரம்பாத கோப்பை வாசிக்க முடியாது போனமை எனக்குச் சற்று நாணத்தை உண்டாக்கியது என்பதை மறைக்க வேண்டியதில்லை.

என்னிடமிருந்ததோ புதிய மென்பொருள்களைச் சுமக்க இயலாத பழைய மடிக்கணனி. அதில் லினக்ஸ் மட்டுமே இயங்கியது. ஆகவே கட்டளைவரியில் நின்றே இப்பணியைச் செய்ய வேண்டியதாயிற்று. பின்வரும் மதிப்பீடுகள் அப்பட்டறிவின் விளைவுகளாம்.

முதலில் எழுத்து என்றால் என்ன என்பதைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். 'குச்சவெளி' என்னும் சொல்லில் எத்தனை எழுத்துகள்? தொல்காப்பியத்து எழுத்ததிகாரம் பயின்ற எவரும் கு, ச், ச, வெ, ளி என ஐந்து என்பர். 1991இல் வெளிவந்த யூனிகோட் முதற்பதிப்பிலேயே இடம்பெற்ற தமிழ்த்தொகுதியோ அகரமேறிய மெய்களையும், உயிர்க்குறிகளையும், புள்ளியையும் தனித்தனியே எண்ணுகின்றது. அதன்படி இச்சொல்லில் ஒன்பது குறியீடுகள் உள. யூனிகோடை வட்டிற் பதியும் முறைகளுட் பெருவழக்குடைய யூரிஎஃப்-8, 1992இல் கென் தொம்சனும் ரொப் பைக்கும் வகுத்தது. தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் அது மூன்று பைட்டுகளை எடுத்துக்கொள்கின்றது. எனவே வட்டில் இச்சொல் 27 பைட்டு. முனையத்தின் கணக்கு வேறு. புள்ளிக்கு இடமில்லை, ஏனைய உயிர்க்குறிகளுக்கு ஒவ்வொரு கட்டம் எனக் கொள்ளும் முனையத்தில் இதே சொல் எட்டுக் கட்டங்களைப் பிடிக்கும். ஐந்து, ஒன்பது, இருபத்தேழு, எட்டு: ஒரே ஊர்ப்பெயருக்கு நான்கு நீளங்கள். இவற்றுள் எதனைத் தன் கணக்காகக் கொள்கின்றது என்பதைக் கொண்டே ஒரு தொகுப்பி தமிழை எவ்வாறு நடத்தும் என்பதை அறியலாம்.

காலத்தால் முந்தியது ஈடி. பெல் ஆய்வுகூடத்தில் யுனிக்ஸ் பிறந்த 1969ஆம் ஆண்டை ஒட்டிக் கென் தொம்சன் ஆக்கியது. திரைகள் அரிதாயிருந்த அக்காலத்தில், தாளில் அச்சிடும் தொலையச்சுப் பொறியே பயன்படுத்துவோனின் முனையம். எனவே ஈடியிற் சுட்டி இல்லை. உரை கண்முன் விரிந்து கிடப்பதும் இல்லை. வேண்டிய வரியை எண்ணாலோ சொல்லாலோ குறிப்பிட்டு, இதனை இதுவாக மாற்று எனக் கட்டளையிட வேண்டும். தவறு நேர்ந்தால் அது ஒரேயொரு வினாக்குறியை மட்டும் அச்சிட்டு மௌனமாகிவிடும். வினாவிடைப் பரீட்சையிற் கடுமையான ஆசிரியர் இடும் குறி போன்றது அது. இன்று இதனை எவரும் பரிந்துரைப்பதில்லை. ஆயினும் தமிழைப் பொறுத்தவரை இப்பழந்தொகுப்பியே குறைந்த தீங்கு செய்வது என்பது என் கருத்து. சுட்டி இல்லாத இடத்தில் சுட்டி பிழையான இடத்தில் நிற்பதற்கு வழியில்லை. கட்டங்களை அது எண்ணுவதில்லை. வரி வரியாக உரையை முனையத்திடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்கின்றது. முனையம் தமிழை ஒழுங்காக வரையுமாயின் ஈடியிலும் தமிழ் ஒழுங்காகவே தோன்றும். புதியன பழையனவற்றிலும் மேம்பட்டவை என்ற நம்பிக்கைக்கு இஃது ஒரு சிறு தடை.

ஈடியின் வழித்தோன்றல்களே எனது கோப்பை மீட்டன என்பதையும் ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். பாமினியிலிருந்து யூனிகோடுக்கு மாற்றுதல் எழுத்துக்கு எழுத்தாகப் பெயர்க்கும் எளிய செயலன்று. பாமினி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுதப்படுவது. ஒற்றைக்கொம்பு மெய்க்கு முன்னே வரும். யூனிகோடில் மெய் முன்னும் கொம்பு பின்னும் வரும். 'கொ' என்பது பாமினியில் என், எஃப், எச் என்னும் மூன்று குறிகள். இவற்றுள் முதலிரண்டை மட்டும் நோக்கினால் 'கெ'. பின்னிரண்டை மட்டும் நோக்கினால் 'கா'. ஆகவே மூன்றும் சேர்ந்த வடிவங்களை முதலில் மாற்றி, அதன்பின்னரே இரண்டு குறிகள் கொண்டவற்றையும், இறுதியில் தனிக்குறிகளையும் மாற்றுதல் வேண்டும். இம்முறையைப் பிறழ்ந்தாற் கோப்பு முழுவதும் கொம்பும் காலும் அநாதைகளாகத் திரியும். ஈடியிலிருந்து கிளைத்த செட் என்னும் கருவியும், விம் தொகுப்பியின் முழுக்கோப்பு மாற்றுக் கட்டளையும் இத்தகைய வரிசைப்பட்ட மாற்றங்களுக்கென்றே பிறந்தவை போலும். பெரிய சொற்செயலிகளில் நாள்கணக்கில் இழுபட்டிருக்கக்கூடிய வேலை, மாற்றுவிதிகளை ஒருமுறை ஒழுங்காக எழுதிய பின்னர் ஒரு நொடியில் முடிந்தது. விதிகளை ஒழுங்காக எழுதவோ மூன்று கிழமைகள் சென்றன.

இனி, வீஐ. கலிபோர்னியாவின் பேர்க்லி வளாகத்தில் 1976ஆம் ஆண்டளவிற் பில் ஜோய் ஆக்கிய தொகுப்பி இது. அவர் பயன்படுத்திய ஏடிஎம்-3ஏ முனையத்தில் எச், ஜே, கே, எல் விசைகளின் மீதே அம்புக்குறிகள் வரையப்பட்டிருந்தன. இன்றும் வீஐ பயில்வோர் அவ்விசைகளாலேயே நகர்கின்றனர். நொடிக்கு 300 பிட்டு வேகத்தில் ஊர்ந்த தொலைபேசித் தொடர்பில், ஒவ்வொரு விசையும் செலவு பிடித்தது. ஆகவே ஓரெழுத்தே ஒரு கட்டளையாயிற்று. இப்பொருளாதாரத்தை உணராமல் வீஐயின் வடிவத்தை விளங்கிக்கொள்ள முடியாது. திறந்தவுடன் எழுத அனுமதிக்காது. கட்டளைக்குக் காத்து நிற்கும். எழுதுவதற்கென வேறொரு நிலைக்குச் செல்லவேண்டும். புதியவர்கள் வெளியேறத் தெரியாமல் திண்டாடுவது உலகப் பகிடியாகிவிட்டது. ஆயினும் இவ்வடிவத்துள் எழுத்துத் தொழில் பற்றிய ஒரு கொள்கை பொதிந்துள்ளது எனலாம். எழுதுதல் இடைக்கிடை நிகழ்வது, வாசித்தலும் திருத்தலுமே இயல்பான நிலை என்பதே அது. சுவடி பரிசோதித்துப் பதிப்பித்த ஆறுமுக நாவலரும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் இக்கொள்கையை மறுத்திருக்க மாட்டார்கள் என்று எண்ணுகின்றேன்.

தமிழில் எழுதப் புகுந்தவுடன் இக்கொள்கைக்கு ஓர் இடர் நேர்கின்றது. கட்டளைகள் யாவும் ஆங்கில எழுத்துகள். இயங்குதளத்தின் விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்றியவன் எழுதும் நிலையிலிருந்து கட்டளை நிலைக்குத் திரும்பியதும், அவன் அழுத்தும் விசைகள் தமிழெழுத்துகளையே அனுப்புகின்றன. தொகுப்பி அவற்றைக் கட்டளையாகக் கொள்வதில்லை. கணனி உறைந்துவிட்டதென அஞ்சி மின்னையே நிறுத்தியவரை நான் அறிவேன். இரண்டு நிலைகளைக் கடப்பவனுக்கு நான்கு நிலைகள் வந்துசேர்கின்றன. 1991இல் டச்சுக்காரரான பிராம் மோலெனார் வெளியிட்டு, 2023இல் இறக்கும்வரை பேணிவந்த விம் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றது. விசைமாற்றக் கோப்பொன்றை விம் தொகுப்பியினுள்ளேயே ஏற்றிவிட்டால், எழுதும் நிலையில் மட்டும் தமிழும் கட்டளை நிலையில் ஆங்கிலமும் தாமே மாறி மாறி வரும். விம் தொகுப்பியுடன் வரும் கோப்புகளிலே தமிழுக்கான ஒன்று உண்டு. ஆயின் அது 1990களின் இறுதியில் மின்னஞ்சல்வழி கூடி ஆராய்ந்த தமிழர் வகுத்த ரிஸ்கி என்னும் எட்டுப்பிட்டுக் குறியேற்றத்துக்கானது, இன்றைய யூனிகோடுக்கன்று. எனவே நமக்கு வேண்டிய விசைமாற்றத்தை நாமே எழுதிக்கொள்ளல் வேண்டும். அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும்.

எண்ணிக்கையிலோ விம் வியப்பை அளிக்கின்றது. நான் பயன்படுத்திய பதிப்பில் உயிர்க்குறிகளும் புள்ளியும் தம்முன் நிற்கும் மெய்யுடன் சேர்த்து ஒரே எழுத்தாகக் கொள்ளப்பட்டன. 'குச்சவெளி'யின் கடைசி எழுத்தின்மீது சுட்டியை நிறுத்தினால், அடிவரியில் 22 என்றும் 5 என்றும் இரண்டு எண்கள் இடைக்கோட்டுடன் தோன்றும். முன்னது பைட்டுக்கணக்கு; பின்னது கட்டக்கணக்கு. ஐந்தாம் எழுத்தைத் தொல்காப்பியர் எண்ணியவாறே விம் எண்ணுகின்றது! நீக்கும் விசையை ஒருமுறை அழுத்தினால் 'ளி' முழுவதும் போகும். குறியை மட்டும் நீக்க விரும்புவோருக்கு ஒரு தெரிவும் உண்டு. தமிழிலக்கணத்தை அறியாத ஒருவர் ஆக்கிய கருவி இவ்வளவு தூரம் இலக்கணத்தோடு இயைவது தற்செயலே. எனினும் அவ்வியைபே அதற்கு வினையாயிற்று. தொகுப்பி ஐந்து கட்டம் என எண்ணுகையில் முனையம் எட்டுக் கட்டம் வரைகின்றது. வரியின் பிற்பகுதிக்குச் செல்லச் செல்லச் சுட்டி ஓரிடத்தில் நிற்க, அழிவது வேறோரெழுத்தாகின்றது. 'சோளகம்' என்ற சொல்லிலே காலைத் திருத்தப்போய் அடுத்த சொல்லின் தலையைக் கொய்த கதை எனக்கு நேர்ந்தது. இதில் எவர் குற்றவாளி? தனித்து நோக்கின் இருவரும் அவரவர் விதிப்படியே ஒழுகுகின்றனர். தமிழுக்கென ஒத்த விதியொன்றை இருவரும் பகிர்ந்துகொள்ளாமையே குற்றம்.

இச்சிக்கல் கணனியோடு பிறந்ததன்று. யாழ்ப்பாணத்திற் பிறந்து மலாயாவிற் பணியாற்றிய ஆர். முத்தையா, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தமிழ்த் தட்டச்சுப்பொறியை அமைத்தபோது எதிர்கொண்டதும் இதுவே. ஒவ்வொரு விசைக்கும் உருளை ஓரிடம் நகரும் பொறியிற் புள்ளியை எவ்வாறு எழுத்தின் தலைமேல் இடுவது? அழுத்தினாலும் உருளை நகராத விசைகளை அவர் அமைத்தார். நகரா விசை என அவை பெயர்பெற்றன. எது நகரும், எது நகராது என்பதை ஒரே பொறியில் ஒரே மனிதர் தீர்மானித்தமையால் அங்கு பிணக்கு எழவில்லை. இன்றோ எழுத்துருவை ஒருவரும், முனையத்தை வேறொருவரும், தொகுப்பியைப் பிறிதொருவரும் ஆக்குகின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் தமிழ் வாசியாதவர்கள். டாஸ் காலத்திலே கனடாவிலிருந்து சீனிவாசன் ஆக்கிய ஆதமியும், மலேசியாவில் முத்து நெடுமாறன் 1980களிலே தொடங்கிய முரசும் தமிழர் தாமே செய்துகொண்ட கருவிகள். முத்தையாவின் மரபில் வந்தவை அவை என்பேன்.

ஈமாக்ஸ் இவற்றுக்கெல்லாம் நேரெதிர் மனப்பாங்குடையது. 1976இல் எம்.ஐ.ரி. செயற்கை அறிவு ஆய்வுகூடத்தில் ரிச்சர்ட் ஸ்ரோல்மனும் கை ஸ்ரீலும் தொடங்கி, 1985இல் ஸ்ரோல்மன் குனூ ஈமாக்ஸாக மீள எழுதி வெளியிட்டது. வீஐ வறுமையிற் பிறந்ததென்றால் ஈமாக்ஸ் வளமான வளாகத்தில் வளர்ந்தது. கடிதம், நாட்குறிப்பு, விளையாட்டு அனைத்தையும் தன் வயிற்றுள் அடக்கிக்கொள்ளும் அதன் பேராசை நகைப்புக்குரியதே. ஆனால் அப்பேராசையின் ஒரு கூறு தமிழனுக்கு ஆதாயமாயிற்று: உலக மொழிகளின் உள்ளீட்டு முறைகளையும் அது தன்னுள்ளே வைத்துக்கொண்டது. பல மொழிகளின் வணக்கவுரைகளைத் தொகுத்து அதனுடன் வழங்கப்படும் கோப்பிலே 'வணக்கம்' என்ற சொல்லும் உண்டு. ஒரு விசைச்சேர்க்கையால் தமிழுக்குச் சென்று அதே சேர்க்கையால் மீளலாம். கட்டளைகள் கட்டுப்பாட்டு விசையோடு சேர்ந்தே வருவதால் தமிழ் எழுதிக்கொண்டிருக்கும்போதும் அவை தடைப்படுவதில்லை. பின்நோக்கி அழித்தால் ஒரு குறி போகும். முன்நோக்கி அழித்தால் எழுத்து முழுவதும் போகும். 'ளி'யை 'ளீ' ஆக்க முன்னது. 'ளி'யையே அகற்றப் பின்னது. இத்துணை நுண்மையை வேறெத்தொகுப்பியிலும் நான் காணவில்லை. ஆனால் இந்நலன்களை முழுமையாகப் பெறுவதற்கு வரைகலைச் சாளரம் வேண்டும். வெறும் முனையத்தினுள் இயக்கினால் வடிவமைக்கும் பொறுப்பு மீண்டும் முனையத்திடமே செல்கின்றது; பழைய பிணக்கும் உடன் வருகின்றது.

நானோ பற்றிச் சுருக்கமாகவே கூறலாம். வாஷிங்ரன் பல்கலைக்கழகத்தின் பைக்கோவைப் பின்பற்றி 1999இல் எழுந்தது. வேண்டிய கட்டளைகளைத் திரையின் அடியிலேயே எழுதிக்காட்டும் பண்பு அதனிடம் உண்டு. முதல்நாள் முதலே அஞ்சாது எழுதலாம். தமிழுக்கெனத் தனியே எதையும் செய்ததில்லை. இயங்குதளம் தருவதை வாங்கிப் பதிகின்றது. அறிக்கை ஒன்றில் இரண்டு வரி திருத்துவதற்கு இது போதும். இருபதாயிரம் வரிகளை மீட்பதற்குப் போதாது.

நான்கு தொகுப்பிகளுக்கும் பொதுவான ஒரு வழு எஞ்சுகின்றது. ஆய்வாளனுக்கு அதுவே பாரதூரமானது. 'கொ' என்பதை யூனிகோடில் இருவகையாகப் பதியலாம். ஒகரக்குறியை ஒரே குறியீடாக இடுவது ஒன்று. ஒற்றைக்கொம்பையும் காலையும் அடுத்தடுத்து இடுவது மற்றொன்று. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. இரண்டும் சமமெனக் கொள்ளவேண்டுமென யூனிகோட் நெறியும் கூறுகின்றது. ஆயினும் தேடும் கட்டளைகள் பொதுவாகக் குறியீட்டையே ஒப்பிடுகின்றன. எனது முதல் மாற்றத்தில், மூன்று குறிகள் சேர்ந்த வடிவங்களுக்கான விதி சில மெய்களுக்குத் தவறிவிட்டிருந்தது. விளைவாக 'கொண்டல்' என்று தேடினேன். இல்லை என்றது கணனி. கச்சான் இருந்தது, வாடை இருந்தது, சோளகமும் இருந்தது. கீழ்க்காற்றை மட்டும் குச்சவெளிக் கடலோடிகள் பெயரிடாமல் விட்டார்களா? 'குச்சவெளி வழக்கிற் கொண்டல் என்னும் சொல் இல்லை' என ஒரு குறிப்பும் எழுதி வைத்தேன். அடுத்த கிழமை வரிவரியாக வாசித்துச் செல்கையில், அதே கோப்பிற் பதினேழு இடங்களில் அச்சொல் கண்முன் நின்றது. கொம்பும் காலும் பிரிந்து கிடந்தமையால் தேடலுக்கு அகப்படவில்லை.

இத்தகைய பிழையை எவ்வளவு பேர் அச்சேற்றியிருப்பர் என எண்ணுந்தோறும் அச்சம் மிகுகின்றது. 1998இலே தொடங்கிய மதுரைத்திட்டமும் 2005இலே தொடங்கிய நூலகமும் தமிழ் நூல்களைக் கணனிக்குள் கொண்டுவந்துவிட்டன. இனிவரும் மொழியியல், நாட்டார் வழக்காற்றியல் ஆய்வுகள் பலவும் தேடல்வழியே நிகழப்போகின்றன. 'இச்சொல் இந்நூலில் இல்லை' எனத் தேடலை நம்பி எழுதுவோர், அந்நூல் எவ்வாறு பதியப்பட்டதென வினவியதுண்டா? தொகுப்பியின் தெரிவு இங்கு நுட்பவியலாளரின் விருப்பு வெறுப்பு என்ற எல்லையைக் கடந்து, மூலபாடத் திறனாய்வின் பகுதியாகிவிடுகின்றது. நமது பாடத்திட்டங்களில் ஏட்டுச்சுவடிகளின் பாடபேதம் பற்றிப் பயில்கின்றோம். கோப்புகளின் பாடபேதம் பற்றி ஒரு விரிவுரைதானும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

எந்தத் தொகுப்பியைத் தெரிந்துகொள்வது என்ற முதல் வினாவுக்கு எனது விடை, செய்யும் தொழிலைப் பொறுத்தே அமைகின்றது. புதிதாகத் தமிழில் எழுதுவோன் ஈமாக்ஸைச் சாளரத்துடன் கொள்வானாக. பழைய கோப்புகளை மீட்போன் விம்மையும் செட்டையும் பயிலாமல் முடியாது. பன்மொழி முனையமாகிய எம்எல்ரேம் போன்று இந்திய எழுத்துகளை வரையும் முனையமொன்றையும் அவன் தேடிக்கொள்ளல் நன்று. முனையத்தை நம்ப முடியாத இடத்தில், வெட்கமின்றி ஈடிக்குத் திரும்பலாம். நானும் அவ்வாறே திரும்பினேன். சொற்கோவையின் இறுதித் திருத்தங்களை ஈடியிலேயே செய்தேன். இன்னும் பதினொரு சொற்கள் எஞ்சியுள்ளன. பாமினியிலேயே தட்டச்சுப் பிழைபட்டு, எந்த விதிக்கும் அடங்காமற் கிடப்பவை. விடுமுறைக்கு ஊருக்குச் செல்லும்போது, அவற்றைத் தாளில் எழுதி வாடிக்குக் கொண்டுபோய், அங்குள்ள முதியவர்களிடம் வாசித்துக் காட்ட எண்ணியிருக்கின்றேன்.